எதிர்வீட்டு டயர் அன்னம்

கைவண்டியில் வந்து இறங்கியது அந்தப் பறவை.

வினார்த்தி ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தாள். எதிர்வீட்டு ஹெஸ்தியின் கேட்டுக்கு முன்னால் நீலச் சட்டைப் பெண்கள் நாலைந்து பேர். தெருவின் சுற்றுப்புறக் குழு. நடுவில் குடையும் கையுமாகத் தெருத் தலைவரின் மனைவி சுலார்சி. வண்டியிலிருந்து அவர்கள் பதமாகத் தூக்கி வைத்தது ஓர் அன்னம். பழைய கார் டயரை அறுத்துப் புரட்டி, பக்கங்களை இறக்கையாக விரித்து, கம்பி கொடுத்துக் கழுத்தை வளைத்து, வெள்ளை பெயிண்ட் அடித்த அன்னம். அலகு மட்டும் ஆரஞ்சு.

“ஏங்க! இங்க வாங்க. சீக்கிரம்!”

கணவன் பூர்வாந்தோ வாயில் பாதி வறுவலோடு ஓடிவந்தான். “என்னாச்சு? தீ கீ புடிச்சுக்கிச்சா?”

“புடிச்சிருக்கு. என் வயித்துல. எதிர்வீட்டுக்காரிக்குப் பரிசு குடுக்கறாங்க!”

அவன் எட்டிப் பார்த்தான். “டயரு மாதிரில்ல இருக்கு?”

“அன்னம்ங்க அது! கண்ணு அவிஞ்சு போச்சா? பாருங்க, போட்டோ வேற எடுக்கறாங்க.”

எடுத்தார்கள். ஹெஸ்தியை அன்னத்தின் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்சம் இடது பக்கம் நகரச் சொல்லி எடுத்தார்கள். சுலார்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஹெஸ்தி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, சிரித்தாள்.

“அடக்கத்தைப் பாருங்க, அடக்கத்தை!” வினார்த்தி பல்லைக் கடித்தாள். “காலைல நம்ம வீட்டுக்கும்தானே வந்தாங்க? கொல்லை, குளியலறை, செடித்தொட்டி, ஒண்ணு விடாமப் பாத்தாங்க. ‘ரொம்ப சுத்தம், இபு’ன்னு மரியாதை போட்டு வாயால சொல்லிட்டுப் போயிட்டாங்க. சுத்தம்னா என் அன்னம் எங்கங்க?”

பூர்வாந்தோவிடம் வறுவல்தான் இருந்தது. அதைத் தின்றான்.

வேறு மாதமாக இருந்தால் இந்தத் தீ ஒரு டம்ளர் ஐஸ் டீயில் அணைந்திருக்கும். ஆனால் இது ஆகஸ்ட் நெருங்கும் நேரம். சுதந்திர தினத்துக்கு முந்தின சாயங்காலம் தெருவே பாய் விரித்து உட்காரும். நடுவில் தும்பெங் நிற்கும். தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோற்றைக் கோபுரமாக நிறுத்தி, சுற்றிலும் கோழியும் முட்டையும் அடுக்கிய தட்டு. அந்தச் சோற்றைச் சமைத்த கை எதுவோ, அந்தக் கைக்குத்தான் வருஷம் பூரா தெருவின் கல்யாணமும் சுன்னத்தும் பிறந்தநாளும். பல வருஷமாக அது ஹெஸ்தியின் கை.

வினார்த்தி சுரபாயாக்காரி. கணவனுக்கு பஸ் கம்பெனியில் மாற்றல் ஆனதால், மழைக்காலம் முடிந்த கையோடு இந்தச் சோலோ நகரத்துக்கு வந்தவள். காலையில் வாசலில் மேஜை போட்டு மஞ்சள் சோற்றுப் பொட்டலம் விற்கிறாள். சுரபாயாவில் அவள் அக்கா பெரிய சமையல்காரி. வினார்த்தி அங்கே பாத்திரம் தேய்த்தவள். கிளம்பும்போது அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள்: “உன்னால தனியா ஒரு அடுப்பு பத்தவெக்க முடியுமாடி? ஒரு வருஷத்துல திரும்பி வந்துருவே. உன் தேய்ப்பு நாரை அப்படியே வெச்சிருக்கேன்.”

தும்பெங் கிடைத்தால் அந்த நார் அங்கேயே மக்கட்டும். கிடைக்காவிட்டால் அந்த நார்தான் கதி.

போன வாரம்கூட சுலார்சி பொட்டலத்தைக் கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றுவிட்டு, “இந்த வருஷம் உங்களையும் மனசுல வெச்சிருக்கேன், இபு” என்று சொல்லியிருந்தாள். அதற்குள் குறுக்கே பறந்து வந்துவிட்டது இந்த டயர்.

சுரபாயாவில் மனசில் இருப்பது வாயில் வரும். சோலோவில் மனசில் இருப்பது மனசிலேயே இருக்கும். வாயில் வருவது சிரிப்பு. சந்தோஷமானாலும் சாவு வீடானாலும் அந்தச் சிரிப்புக்கு ஒரே அகலம். இது தெரிந்தும் வினார்த்தி மறுநாள் காலை எதிர்வீட்டு கேட்டில் போய் நின்றாள்.

“அழகா இருக்கு இபு, உங்க அன்னம்.”

ஹெஸ்தி காதுவரை சிவந்தாள். “ஐயோ, அதப் போயி… சின்ன விஷயம். யாருக்கு வேணா வரும்.”

“எங்க வீட்டுக்கு வரலையே!”

“உங்களுக்கெல்லாம் எங்க இபு வரப்போகுது?”

அந்த ‘உங்களுக்கெல்லாம்’ வினார்த்தியின் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டது.

ஹெஸ்தி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “வேணும்னா நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிருங்க. நிஜமாத்தான் சொல்றேன். இன்னிக்கே. உங்க வீட்டுக்காரரை வண்டியோட அனுப்புங்க.”

வினார்த்தி வீட்டுக்குள் வந்து கதவை அறைந்தாள்.

“எனக்குப் பிச்சை போடறாளாம்! ‘எடுத்துக்கிட்டுப் போயிருங்க’ங்கறா. இருக்கறவ திமிரு!”

“குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே?” என்றான் பூர்வாந்தோ.

அவன் மேல் ஒரு கரண்டி பறந்தது.

“நானே செய்யறேன். அவளோடது கொக்கு. என்னோடதுதான் அன்னம்னு தெருவே சொல்லணும்.”

தெருமுனையில் பார்ஜோவின் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால் தேய்ந்த டயர்கள் தகரக் கூரையின் நிழலில் அடுக்கிக் கிடந்தன. குழுவுக்கு அன்னம் அறுத்துக் கொடுப்பவரும் அவர்தான்.

“பாக் பார்ஜோ,” வினார்த்தி அவரை மரியாதையாகவே அழைத்தாள், “அன்னம் செய்ய ஒரு டயர் வேணும்.”

பார்ஜோ ட்யூபைத் தண்ணீரில் முக்கியபடியே நிமிர்ந்தார். “குழுவுல சொல்லி விட்டாங்களா?”

“யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு.”

“நீங்களாவா?” அவர் கையிலிருந்த ட்யூப் குமிழி விட்டுக்கொண்டு மூழ்கியது. “இத்தனை வருஷத்துல தானா வந்து கேட்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன். பெரிய மனசு, இபு.”

“மனசுல என்ன இருக்கு? டயரைக் குடுங்க.”

“கம்பி ஓடுற டயர் வேணாம், கையைக் கிழிச்சிரும். நைலான் டயரா எடுத்துக்கங்க. கத்தியை சோப்புத் தண்ணில நனைச்சு நனைச்சு அறுக்கணும். புரட்டறப்ப ரெண்டு ஆள் இருந்தாத் தேவலை.”

கடைசி வாக்கியத்தை வினார்த்தி காதில் வாங்கவில்லை. வீட்டில்தான் ஓர் ஆள் இருக்கிறானே.

ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் பூர்வாந்தோ டயர் மேல் ஏறி நின்றான். அறுத்தாகிவிட்டது. இனி உள்பக்கத்தை வெளியே புரட்ட வேண்டும். வினார்த்தி ஒரு பக்கத்தை இழுத்தாள். டயர் அசையவில்லை.

“மிதிங்க!”

“மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“இது மிதியா? எதிர்வீட்டுக்காரின்னு நெனச்சு மிதிங்க!”

“அந்தம்மா எனக்கு என்ன பண்ணாங்க?”

“சரி, என் அக்கான்னு நெனச்சு மிதிங்க!”

பூர்வாந்தோவுக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. ஒரே மிதி. டயர் படாரென்று புரண்டது. அறுத்து வைத்திருந்த கழுத்துத் துண்டு சாட்டைபோல மேலே பாய்ந்து அவன் மோவாயில் அறைந்தது. அவன் கோழிக்கூண்டின் மேல் போய் விழுந்தான். கோழிகள் ஹெஸ்தி வீடு வரைக்கும் ஓடின.

“அன்னத்துக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டாள் வினார்த்தி.

வெள்ளை பெயிண்ட் பாதியில் தீர்ந்துபோனது. மிச்சத்துக்குக் குளியலறைக்கு வாங்கிய ரோஸ். கழுத்துக்குக் கொடுத்த கம்பி ஒரு பக்கமாக வளைந்துகொண்டது. மொத்தத்தில், வெயிலில் மயங்கி விழப்போகும் கழுகு ஒன்று வினார்த்தியின் வாசலில் வந்து நின்றது.

ஆனால் பலன் உடனே தெரிந்தது. சந்தைக்குப் போன பெண்கள் நின்றார்கள். பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி காதை ஒருத்தி கடித்தார்கள்.

“புகையுது, புகையுது!” திரைக்குப் பின்னால் வினார்த்தி கையைத் தேய்த்துக்கொண்டாள். “தெரு பூரா புகையுது!”

அன்று மத்தியானமே சுலார்சி வந்துவிட்டாள். குடையை மடக்கக்கூட மறந்து வாசலிலேயே நின்றாள்.

“இது… எப்ப வந்துச்சு, இபு?”

“வரல. நானே வெச்சேன்.”

“நீங்களேவா? யாரும் சொல்லாமலா?”

“யாரு சொல்லணும்? நம்ம வீட்டு லட்சணம் நமக்குத் தெரியாதா? அதை நாமளே வாசல்ல வெச்சுட்டாப் போச்சு. எங்க ஊர்ல மூடி மறைக்கற பழக்கம் இல்ல.”

சுலார்சியின் கண் கலங்கியது. அவள் வினார்த்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “இப்படி ஒரு மனசை இந்தத் தெருவுல நான் பாத்ததில்ல. ஆனா ஒண்ணோட போதும் இபு. என்ன? ஒண்ணுன்னா நான் எப்படியாவது பேசிச் சமாளிச்சுக்குவேன்.”

அவள் போனதும் வினார்த்தி கணவனைக் கூப்பிட்டாள். மோவாயில் பிளாஸ்திரியோடு அவன் வந்தான்.

“கேட்டீங்களா? ஒண்ணோட நிறுத்திக்கணுமாம். ஏன்? அவளுக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணுன்னா சமம். பழைய ஆளுக்கே சோத்தைக் குடுத்துரலாம். ரெண்டாச்சுன்னா குடுக்க முடியாதுல்ல? அந்தப் பயம்!”

“அந்தம்மா அழுதுச்சேம்மா.”

“நடிப்பு! சோலோ நடிப்பு!”

இரண்டாவது அன்னம் புதன்கிழமை எழுந்தது. மூன்றாவது அதற்கு அடுத்த ஞாயிறு. கை பழகிவிட்டதால் மூன்றாவது உண்மையாகவே அன்னம்போல இருந்தது. பூர்வாந்தோவுக்கும் பழகிவிட்டது, மிதிக்கும்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டான்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. குழுப் பெண்கள் எதிர்வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஹெஸ்தியின் அன்னத்தைத் தூக்கிக் கைவண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

வினார்த்தி ஜன்னலிலேயே ஒரு குதி குதித்தாள். “பறிச்சுட்டாங்க! பரிசைப் பறிச்சுட்டாங்க! என் மூணுக்கு முன்னால அவளோட ஒண்ணு நிக்குமா?”

“அந்தம்மா சிரிக்குதே?” என்றான் பூர்வாந்தோ. “பக்கத்து வீட்டுக்கெல்லாம் தேங்காய்ப்பூ போட்ட கொழுக்கட்டை வேற குடுக்குது.”

“அவமானத்தை மறைக்கக் கொழுக்கட்டை குடுக்கறா. பாவம்.” ஜெயித்தவளின் பெருந்தன்மையோடு வினார்த்தி அந்தக் கொழுக்கட்டையை இரண்டு வாங்கித் தின்றாள். வெல்லப்பாகு நாக்கில் உடைந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுவே எரிந்தது.

ஒரு கணக்கு மட்டும் இடித்தது. பொட்டலம் விற்கவில்லை.

காலையில் வழக்கமாக வரும் பள்ளிக்கூட டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எதிர்ப்பக்கம் நடந்தாள். ஆட்டோக்காரர், “இப்பத்தான் வீட்ல சாப்பிட்டேன், இபு” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். வயிறு காலியாகச் சத்தம் கொடுத்தது. உட்கார வசதி இல்லையோ என்று நினைத்த வினார்த்தி, இரண்டு டயரை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கயிறு சுற்றி, மெத்தை போட்டு ஓர் இருக்கை செய்தாள். முதலில் உட்கார்ந்தவள் தபால் ஆபீஸ் பெண்மணி. கனத்த சரீரம். மெத்தை உள்ளே போனது. அவளும் உள்ளே போனாள். முழங்காலும் முகமும் மட்டும் வெளியே தெரிந்தன.

“சௌகரியமா இருக்கா, இபு?” என்று கேட்டாள் வினார்த்தி.

“ரொம்ப சௌகரியம்” என்றாள் அந்தச் சோலோக்காரி, சிரித்துக்கொண்டே. பூர்வாந்தோவும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு கை பிடித்து அவளைப் பிடுங்கி எடுத்தார்கள். அவள் பாவாடையின் பின்பக்கம் முழுக்கக் கரி. பொட்டலம் வாங்காமலேயே போய்விட்டாள்.

“ஏம்மா, யாரையாவது நேராக் கேட்டுப் பாத்தா என்ன?” என்றான் பூர்வாந்தோ.

“கேட்டா சிரிப்பாங்க.”

“நான் பார்ஜோகிட்ட கேட்டேன். ‘உங்க சம்சாரத்துக்கு ரொம்ப தைரியம்’னாரு.”

“பாத்தீங்களா! அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இவளுங்களுக்குத்தான் பொறாமை. பொறாமைல சோறு எறங்குமா? நான் கொஞ்சமா ஜெயிச்சிருக்கேன், அதான் கடுப்பு. மொத்தமா ஜெயிச்சுட்டா கால்ல விழுந்துருவாங்க.”

நாலாவது அன்னத்துக்கு கிரீடம் வைத்தாள். ஐந்தாவது தேசியக் கொடியின் சிவப்பு வெள்ளை. ஆறாவது தூங்குவது போல. ஏழாவது ஜீப் டயர். அதைப் புரட்ட பூர்வாந்தோ பஸ் கம்பெனியிலிருந்து இரண்டு ஆளைக் கூட்டிவந்தான். மூன்று பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டார்கள்.

ஏழும் வரிசையாக நின்றபோது கேட்டைத் திறக்க இடமில்லை. பூர்வாந்தோ பக்கத்துச் சுவர் ஏறி வேலைக்குப் போனான்.

பிறகுதான் காணிக்கைகள் வர ஆரம்பித்தன.

முதலில் பள்ளிக்கூட டீச்சர். கண்ணைச் சந்திக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். உள்ளே தண்ணீரில் இரண்டு குட்டி மீன்கள், நீலமும் சிவப்புமாக. “குளியலறைத் தொட்டியில விட்டுருங்க, இபு. அழகா இருக்கும்.” அடுத்து ஆட்டோக்காரரின் மனைவி, எலுமிச்சைப்புல் தூரோடு ஒரு தொட்டி. “வாசல்ல வெச்சா வாசமா இருக்கும்.” தபால் ஆபீஸ் பெண்மணி இன்னொரு எலுமிச்சைப்புல். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு.

கடைசியாக ஹெஸ்தியே வந்தாள், மூடி போட்ட புது வாளியோடு.

“வெச்சுக்கங்க, இபு. எதுவும் வேணும்னா கூப்பிடுங்க. நானும் இதெல்லாம் தாண்டி வந்தவதான்.” சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

வினார்த்தி வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக் கணவனிடம் காட்டினாள். “சரணடைஞ்சுட்டா! சமையலுக்குப் புல்லு, தொட்டிக்கு மீனு, தண்ணிக்கு வாளி. ராணிக்குக் கப்பம் கட்டறாங்கங்க!”

அன்றைக்கே சுரபாயாவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, அந்தத் தேய்ப்பு நாரைத் தூக்கிக் குப்பைல போடு. இந்த வருஷம் தும்பெங் எனக்குத்தான்.”

“சொல்லிட்டாங்களாடி?”

“சொல்லணுமா? தெருவுல வேற யார் வீட்லயும் ஒண்ணுகூட இல்ல. எனக்கு ஏழு.”

“என்னது ஏழு?”

“வந்து பாரு!”

தும்பெங் யார் கைக்கு என்று குழு அறிவிக்கும் வெள்ளிக்கிழமை வந்தது. வினார்த்தி கல்யாணத்துக்கு உடுத்திய பச்சைக் கெபாயாச் சட்டையை எடுத்து அணிந்தாள். ஏழு அன்னங்களையும் ஈரத் துணியால் துடைத்தாள். அவற்றின் நடுவில், போட்டோவுக்கு வாகாக, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்றாள். பூர்வாந்தோ சுவரின்மேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேறு இடம் இல்லை.

குழு வந்தது. சுலார்சி, நீலச் சட்டைகள், பின்னால் ஹெஸ்தி, இன்னும் பாதித் தெரு. கூடவே கையில் டார்ச்சோடு ஒரு புதுமுகம்: சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் ரொசிந்தா, மேடான் ஊர்க்காரி. அவள் யாரையும் பார்த்துச் சிரிக்காமல், அன்னங்களைத் தாண்டிக் குதித்து, நேராக வீட்டுக்குள் போய்விட்டாள்.

சுலார்சி குடையின் கைப்பிடியைத் திருகினாள். “இபு வினார்த்தி… நாங்க ரொம்ப யோசிச்சோம். உங்க கைப்பக்குவத்துல எந்தக் குறையும் இல்ல. ஆனா இந்த வருஷத் தும்பெங்… பழையபடி ஹெஸ்தி இபுவே…”

வினார்த்தியின் காதில் சோளப்பொரி வெடித்தது.

“ஹெஸ்தியா?”

“மனசுல வெச்சுக்காதீங்க.”

“வெச்சுக்காம? எங்க அக்கா நாரை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா!” சுரபாயா மொத்தமும் அவள் தொண்டைக்கு வந்துவிட்டது. “என்னங்க நியாயம் இது? அவளுக்கு இருந்தது ஒண்ணு! ஒரே ஒண்ணு! அதுவும் நீங்களா குடுத்தது. நான் ஏழு வெச்சிருக்கேன், ஏழு! என் புருஷன் மோவாயைக் கேளுங்க! இதுக்கு மேல இந்தத் தெருவுக்கு என்னதான் வேணும்?”

டீச்சர் தன் செருப்பைப் பார்த்தாள். ஆட்டோக்காரரின் மனைவி வானத்தைப் பார்த்தாள். ஹெஸ்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லார் முகத்திலும் அதே அகலத்தில் அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொள்ளாத ஒரே ஆள், டார்ச்சை அணைத்தபடி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். ஏழு அன்னத்தையும் பார்த்தாள், பச்சைக் கெபாயாவைப் பார்த்தாள், பிறகு மேடான் குரலில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“அக்கா, டயர்த் தண்ணில கொசுப்புழு சிக்குனா அந்த டயரையே அன்னமா அறுத்து அந்த வீட்டு வாசல்ல நிக்க வெக்கறதுதான் இந்தத் தெருவுல தண்டனையாம், ஒண்ணு நின்னதுக்கே ஹெஸ்தி இபுவோட தும்பெங்கை உங்களுக்கு மாத்தி வெச்சிருந்தாங்களாம், ஏழு நிக்கற வீட்ல யாரு சோறு வாங்கித் தின்பா?”